நூற்றுக்கு நூறு பச்சை அட்டை

1

போன வியாழக்கிழமை மகளின் பாடசாலையில் பத்து நிமிடச் சந்திப்பு. இந்த ஊரில் அதற்குப் பெயரே அதுதான். பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கப் பத்து நிமிடம் கிடைக்கும். பதினோராவது நிமிடத்தில் வெளியே நிற்கும் அடுத்த தகப்பன் தொண்டையைச் செருமுவார். நானும் என் கணவர் ரகுவும் குழந்தைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். நிலாவுக்கு ஒன்பது வயது. கணக்கு நல்லது, வாசிப்பு நல்லது, கையெழுத்து பரவாயில்லை. கடைசி வரிக்கு வந்ததும் ஆசிரியை மார்யா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு கவலை. குழுவாக வேலை செய்யும்போது நிலா எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். மறுத்துப் பேசுவதே இல்லை. வீட்டில் நீங்கள் அவளைக் கொஞ்சம் பழக்க வேண்டும்."

மதிப்பீட்டுத் தாளிலும் அது அச்சாகியிருந்தது. தன் மறுப்பைச் சொல்லுதல்: போதாது. நான் படித்த ராகலைப் பாடசாலையில் இந்தத் திறமையைக் காட்டியவர்களுக்குப் பிரம்படி கிடைத்தது. இங்கே காட்டாதவர்களுக்குப் புள்ளி குறைகிறது. எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டியபடி மார்யாவுக்கு நன்றி சொல்லி எழுந்து வந்தேன்.

தூறலில் சைக்கிள் மிதித்து வீடு திரும்பும்போது ரகு சிரித்துக்கொண்டே வந்தார்.

"தோசை வேண்டாமெண்டு வீட்டில நிண்டு கத்துற பிள்ளையை இவ காணேல்லைப் போல."

"வீட்ல கத்துறது வேற, வெளியில பேசுறது வேற."

"உம்மட பிள்ளைதானே. நீர் வெளியில ஆருக்கு எப்ப ஏலாதெண்டு சொன்னனீர்?"

"உங்களுக்குத் தெனமும் சொல்றேனே."

"அதைத்தான் நானும் சொல்லுறன். எனக்கு மட்டும்தான் சொல்லுறீர்."

ரகுவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். எனக்கு மலையகத்தில் ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம். ஒரே வீட்டில் இரண்டு தமிழ். நிலா இரண்டையும் கலந்து, நடுவில் டச்சையும் தூவி, எவருக்கும் முழுதாக விளங்காத ஒரு பாஷை பேசுகிறாள். அன்று சிக்னலில் நிற்கும்போது ரகு சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம், நான் வெளியில் ஒருவருக்கும் மறுப்புச் சொல்லாமல் இருந்ததால் ஏறக்குறைய என் அக்காவை மண்ணுக்குள் அனுப்பப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முந்திய கதை. அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

2

இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பேராதனையில் பட்டம் முடித்து, புலமைப்பரிசில் ஒன்றில் டச்சுக்காரர்களின் உத்ரெக்ட் நகரத்துக்குப் படிக்க வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு தொழிலில் பழுத்தவர்கள் தலைக்குள் வைத்திருக்கும் அறிவைக் கணினிக்குள் ஏற்றி, அது தானே யோசித்து ஆலோசனை சொல்லும்படி செய்கிறோம். அதற்கு முதலில் ஒரு பட்டியல் வேண்டும். அந்தத் தொழிலில் என்னென்ன இருக்கின்றன, எது எதற்குள் அடங்கும், எதனால் எது வரும் என்று எழுதிய பட்டியல். ஒன்டொலொஜி என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பூண்டு மரக்கறியா, சரக்குச் சாமானா என்று ராகலைச் சந்தையில் இரண்டு கடைக்காரர்கள் சண்டை பிடித்தால், அந்தச் சண்டையைத் தீர்த்து எழுதி வைப்பதற்குப் பெயர்தான் ஒன்டொலொஜி. ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதினால் அது அவருடைய பட்டியல். சம்பந்தப்பட்ட எல்லோரும் கூடி, மறுத்து, வாதாடி, ஒத்துக்கொண்டு எழுதினால்தான் அது நாலு பேருக்கு உதவும்.

இந்தக் கூடி எழுதும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான தேசம் கிடையாது. பாதி நாடு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஒருவன் வரப்பில் ஓட்டை விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரனும் சேர்ந்து முழுக வேண்டியதுதான். அதனால் எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுவார்கள். கோப்பி குடிப்பார்கள். மூஞ்சிக்கு நேரே "நீ சொல்வது பிழை" என்பார்கள். அரை மணி கழித்து அதே ஆளோடு சேர்ந்து பாணும் சீஸும் சாப்பிடுவார்கள். ஊரில் இப்படிப் பேசினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

நகரசபையில் என்னைப் பதிவு செய்த நாள் ஞாபகம் வருகிறது. நான் பிறந்தபோது என் தகப்பனார் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டார்கள். அப்பா உடப்புசல்லாவையில் பிறந்தவர். கொழும்பைக்கூட இரண்டு தடவைதான் பார்த்தவர். ஆனால் கடல் கடந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன் என்பதால், நான் பிறந்த வருடத்தில் எந்த நாடும் அவரைத் தன்னுடைய ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. இதை எப்படி டச்சில் விளக்குவது என்று முதல் நாளே ஒத்திகை பார்த்து, ஒரு பக்கம் எழுதியும் கொண்டுபோயிருந்தேன். நான் முதல் வாக்கியத்தை முடிக்குமுன் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். நாடுகளின் பட்டியலில் "நாடற்றவர்" என்று ஒரு வரி தயாராக இருந்தது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு "அடுத்தது?" என்றாள். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது. பிறகு தோன்றியது: யாரோ ஒருவர் ஏதோ ஒரு கூட்டத்தில், இந்தப் பட்டியல் போதாது என்று சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டால் என் அப்பாவுக்கு அந்தத் திரையில் இடமே கிடைத்திருக்காது.

3

எங்கள் குழுத் தலைவர் ஹெங்க். ஆறடி நாலங்குலம், நல்ல மனிதர், படம் எடுப்பதில் பைத்தியம். போர் நிறுத்தம் இருந்த காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தேயிலை வேலை வந்தது. மழை, வெயில், போன தடவை கொழுந்து எடுத்த நாள் எல்லாவற்றையும் வைத்து, இன்றைக்கு எந்த மலைக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்று காலையிலேயே சொல்லும் கணினி வேண்டும் என்றார்கள். மலை என்றால் எங்கள் பேச்சில் ஒரு நம்பர் போட்ட தேயிலைப் பகுதி. பரிசோதனைக்குக் கம்பனி தேர்ந்தெடுத்தது ராகலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். நான் பிறந்த தோட்டம். என் அக்கா பாக்கியம் அப்போதும் அங்கேதான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெருமை பிடிபடவில்லை. அக்காவையும் நிபுணர் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் எட்டுப் பேர், கங்காணிகள் இருவர், கண்டாக்கையா, துரை. துரை தோட்டத்து மனேஜர்; கண்டாக்கையா என்பவர் அவருக்குக் கீழே மலைவேலை முழுவதையும் மேற்பார்க்கும் உத்தியோகத்தர். ஒக்டோபர் மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் கூட்டம். ஆளுக்கொரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசிப்பேன். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் நின்று பேசுவோம். இரண்டாம் நாள் முடிவில் பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். வருடக் கடைசி மழையோடு கணினி வேலையைத் தொடங்கும். அது சொன்ன மலையை அன்றே முழுவதும் எடுத்து முடிக்க வேண்டும் என்பது பேச்சு.

பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் தீபாவளிச் சேலையில் இருந்தார்கள். கம்பளம் விரித்த மண்டபத்தைப் பார்த்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டார்கள். அதுதான் வழக்கம் போலும் என்று ஹெங்கும் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சொக்ஸில் ஓட்டை. துரை வரும்வரை ஒருவரும் உட்காரவில்லை. நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்காவும் எழுந்து நின்றாள்.

"அக்கா, நீ ஏன் எந்திரிக்கிற? ஒக்காரு."

"பரவால்லைங்க மிஸ்," என்றாள் என் அக்கா.

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் கண்டாக்கையா நின்றிருந்தார். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

கூட்டம் வழுக்கிக்கொண்டு போனது. முதல் வரிக்குப் பன்னிரண்டு பச்சை. இரண்டாவதுக்குப் பன்னிரண்டு பச்சை. பெண்கள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே வைத்திருந்தார்கள். ஹெங்க் ஓடி ஓடிப் படம் எடுத்தார். அவருடைய நாட்டில் நாலு பேர் கொண்ட குழுவிலேயே ஐந்து அபிப்பிராயம் வரும். இங்கே நூற்றுக்கு நூறு.

பத்தொன்பதாவது வரி இது: "ஆறாம் நம்பர் மலை ஒரே மலை, ஒரே நாளில் முழுவதும் கொழுந்து எடுக்கலாம்." அதை வாசிக்கும்போது எனக்கு நாக்குத் தடுக்கியது.

ஆறாம் நம்பரின் கீழ் மூலைக்கு நண்டுக்கான் என்று பெயர். கான் என்றால் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். நண்டு துளைத்துத் துளைத்து அந்த இடத்தில் மண் பொதபொதவென்று இருக்கும். நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு மழை நாளில் அங்கே மண் சரிந்து என் சித்தி இடுப்பு வரை புதைந்தார். அம்மாவும் மற்றவர்களும் கையால் தோண்டித்தான் எடுத்தார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு மழை நாளில் அந்த மூலைக்கு ஒருவரும் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அது பழைய கதை. இப்போது கல் அடுக்கிக் கட்டியிருக்கலாம். நிச்சயமாகத் தெரிந்தவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பச்சை அட்டையைத் தூக்கினாள்.

4

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. பட்டியலில் இல்லாத ஒரு வரியை நானாகவே உருவாக்கி வாசித்தேன்.

"கவ்வாத்து வெட்டுன மறுநாளே அந்த மலையில கொழுந்து எடுக்கலாம்."

கவ்வாத்து வெட்டுவது என்றால் தேயிலைச் செடியை மொட்டையாகத் தறித்துவிடுவது. மறுநாள் அங்கே குச்சிதான் நிற்கும், கொழுந்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

துரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே பச்சையைத் தூக்கினார். துரை தூக்கியதைப் பார்த்துக் கண்டாக்கையா தூக்கினார். பிறகு கங்காணிகள் இருவர். பிறகு எட்டுப் பெண்கள். மாரியாயி என்று ஒரு மூத்த பெண், அக்காவின் கூட்டாளி, அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஹெங்க் அதையும் படம் எடுத்தார்.

கூட்டம் முடிந்ததும் ஹெங்கிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். இது ஒப்புதல் இல்லை, இது பயம், இந்தப் பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றக்கூடாது என்று டச்சில் வாக்கியம்கூடத் தயார். அவர் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டி, "அருமையான நாள், இல்லையா?" என்றார். "ஆமாம், அருமையான நாள்" என்றேன். என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

சாயந்தரம் வேன் பெண்களை இறக்கிவிடப் போனபோது நானும் ஏறிப் போனேன். லயத்து வரிசை வீடுகளில் அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவில் நுழைந்ததும் அவள் சேலையை மாற்றி, அடுப்பை மூட்டி, பழைய அக்காவாக மாறிவிட்டாள்.

"என்னாடி இப்பிடி மெலிஞ்சு போயிருக்க? அந்த ஊர்ல சோறு கெடைக்காதா?"

"அக்கா, நண்டுக்கான் இப்ப எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் இருக்கு. மழைக்கு யாரும் போறதில்ல."

"அப்பறம் எப்பிடி ஆறாம் நம்பர் முழுசா எடுத்ததா தோட்டத்துக் கணக்குப் புத்தகத்துல இருக்கு?"

அக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். மழை நாளில் ஆறாம் நம்பரின் முறை வந்தால் கண்டாக்கையா மேல் பக்கத்திலிருந்து நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்பது ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் செடி வரிசை. மேலிருந்து தொடங்கினால் நண்டுக்கானுக்கு வருமுன் நேரம் முடிந்துவிடும். மிச்சத்தை வெயில் நாளில் ஓரிருவர் போய் எடுத்துவிடுவார்கள். அவர் கேட்கமாட்டார், இவர்கள் சொல்லமாட்டார்கள். புத்தகத்தில் முழு மலை என்று எழுதப்படும். சித்தி விழுந்த வருடத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

எங்கள் கணினி படித்தது அந்தப் புத்தகங்களைத்தான். அதற்கு மேல் பக்கம், கீழ் பக்கம் என்ற பேச்சே தெரியாது. மழையோ வெயிலோ, ஆறாம் நம்பருக்கு இத்தனை பேர், இன்றே முடி என்று சொல்லும். டிசம்பர் மழையில் நண்டுக்கானில் நிற்கப்போவது அக்காதான்.

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா நீ பச்சையத் தூக்குன?"

"கண்டாக்கையா ஒக்காந்திருக்காரு. தொர ஒக்காந்திருக்காரு. அவருக்கு மேல ஒரு வெள்ளக்காரத் தொர ஒக்காந்திருக்காரு. நான் செவப்பு அட்டையத் தூக்கி, அய்யா எழுதுறது பொய்யின்னு சொல்லணுமா? அந்த மனுசன் எங்களக் காப்பாத்தத்தான் அப்பிடி எழுதுறாரு."

"எங்கிட்டயாவது கண்ணக் காட்டியிருக்கலாம்."

"நீயும் மேசைக்கு அந்தப் பக்கந்தானே நின்ன," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "சரி, அது கெடக்கட்டும். ஒனக்கும் நண்டுக்கான் தெரியும். அந்த வெள்ளக்காரர்கிட்ட நீ சொன்னியா?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது.

5

மறுநாள் காலையில் ஹோட்டலில் ஹெங்க் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று போய் உட்கார்ந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஹெங்க், கையெழுத்துப் போடுவதை மலையிலேயே வைத்தால் என்ன? நிபுணர்கள் எல்லோரும் தேயிலைக்கு நடுவில் நின்றால் படம் நன்றாக இருக்கும்."

படம் என்றதும் அவர் முட்டையை விட்டுவிட்டு எழுந்தார். பாருங்கள், அப்போதும் நான் மறுப்புச் சொல்லவில்லை. ஏமாற்றித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆறாம் நம்பர் மலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல். இரவு நல்ல மழை பெய்திருந்தது. பெண்கள் வேலை உடுப்பில் கூடையோடு நின்றிருந்தார்கள். துரை குடைபிடித்து, கையை வீசி மலை முழுவதையும் ஹெங்குக்குக் காட்டினார். சிங்களவர். எங்கள் ஆட்களோடு தமிழில்தான் பேசுவார்.

"எல்லாரும் கிட்ட கிட்ட நில்லுங்க. மிஸ் போட்டோ எடுக்கப் போறாங்க."

ஹெங்கும் படத்தில் இருக்க வேண்டும் என்பதால் கமெரா என் கையில். பன்னிரண்டு பேரும் அவருடைய ஆறடி நாலங்குலமும் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னும் ஒரு அடி. பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேனா, கமெராவுக்குள் கண்ணை வைத்த மும்முரத்தில் போனேனா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

மூன்றாவது அடியில் மண் உள்ளே இழுத்தது.

"ஏ சுமதி. மேல ஏறுடி. ஏறுடி மேல, மூதேவி."

அக்காவின் குரல் மலையடிவாரத்து ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த கணம் அவள் கூடையை வீசிவிட்டு ஓடிவந்து, என் தலைமயிரையும் சட்டைக் கையையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தாள். நான் மேலே வந்து விழுந்தேன். என் வலது கால் சப்பாத்து வரவில்லை. அது நின்ற இடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மண் மெல்ல நழுவி, இரண்டு தேயிலைச் செடியையும் கூட்டிக்கொண்டு கானுக்குள் இறங்கியது.

"அறிவிருக்காடி ஒனக்கு? சித்தி எங்க புதைஞ்சாங்கன்னு மறந்து போச்சா? மழைக்கு நண்டுக்கான் பக்கம் யாராச்சும் போவாளா?" அக்கா என் முதுகில் ஒன்று போட்டாள். பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். துரை பார்த்துக்கொண்டிருந்தார். கண்டாக்கையா பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை அப்படியே நின்றது.

"யாரும் போறதில்லயா?" என்று துரை கேட்டார். "புத்தகத்தில முழு மலையும் இருக்கே."

கண்டாக்கையா தன் சப்பாத்தைப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தார்.

"எழுதுறது நான்தாங்க சேர்," என்றார் கடைசியில். "பாக்கியம் சொல்றது சரி. மழைக்கு அந்த மூலைக்கு ஆள் விடுறதில்ல. நான்தான் மேலருந்து நெர குடுப்பேன்."

"அப்ப ஏன் நம்மகிட்ட சொல்ல இல்ல?"

மாரியாயி முன்னால் வந்தாள். "நீங்க கேக்கலயேங்க. நேத்துக் கேட்டாங்க, ரூமுக்குள்ள வச்சு. ரூமுக்குள்ள எந்த மலைங்க சரியும்?"

இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். துரை கோபப்படுவாரா, சிரிப்பாரா என்று எல்லோரும் பார்த்தோம். அவர் இரண்டும் செய்யவில்லை. சரிந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

என் சகோதரி என்ன கத்தினாள் என்று ஹெங்க் கேட்டார். மூதேவியை எப்படி மொழிபெயர்ப்பது? "பத்தொன்பதாவது வரி பிழை என்கிறார்" என்றேன். பிறகு, முதல்நாள் மத்தியானம் நான் வாசித்த கவ்வாத்துக் கதை உட்பட எல்லாவற்றையும் அங்கேயே ஒற்றைச் சப்பாத்தோடு நின்று சொன்னேன். அவர் முகம் வாடியது. எடுத்த படங்களை நினைத்திருப்பார். "ஏன் நேற்றே சொல்லவில்லை?" என்றார். அக்கா கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். "நானும் பச்சை அட்டை ஆள்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான கூட்டம். கையெழுத்தை மறந்துவிட்டு மலையைச் சுற்றி நடந்தோம். தோட்டத்து வரைபடத்தில் ஆறு என்ற ஒரே ஓர் எண் இருந்த இடத்தில் பெண்கள் ஐந்து பெயர் சொன்னார்கள். நண்டுக்கான், காத்தாடி மேடு, சவுக்கடி, குளவிக்கல், கோயில் பக்கம். ஒவ்வொன்றிலும் கொழுந்து வேறு நாளில் வரும், வேறு காற்று, வேறு மண். குளவிக்கல் எங்கே முடிந்து சவுக்கடி எங்கே தொடங்குகிறது என்று மாரியாயிக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை. "நீ என்னா கண்ட, நான் பதினாலு வயசுல இருந்து இங்கதான் நிக்கிறேன்." "நின்னுக்கிட்டே தூங்குனா எல்லை எப்பிடித் தெரியும்?" கங்காணிகளும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கண்டாக்கையா சொன்ன ஓர் எல்லையை மூன்று பெண்கள் சேர்ந்து மறுத்தார்கள், அவரும் தலையைச் சொறிந்து ஒத்துக்கொண்டார். ஹெங்க் நனைந்த வரைபடத்தில் கோடு போடுவதும் அழிப்பதுமாக இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அவருக்குச் சொந்த ஊர்க் கூட்டம் போல இருந்திருக்கும்.

புறப்படும்போது அக்கா வேன் பக்கம் வந்தாள். கண்டாக்கையா அருகில் நின்றார். "போயிட்டு வாங்க மிஸ்," என்றாள் மரியாதையாக. ஜன்னலுக்குள் கையை விட்டு என் புஜத்தில் கிள்ளினாள். நீலம் பாரித்து ஒரு கிழமை இருந்தது.

6

ஆனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நம்பவில்லை. உத்ரெக்ட் திரும்பியதும் பட்டியலை மாற்றி எழுதினோம். மலை என்பதற்குக் கீழே மூலை என்று ஒரு வகை வந்தது. மூலைக்கு மழை நாள் தடை என்று ஒரு குணம் வந்தது. இதெல்லாம் திரையில் இரண்டு வரி. அங்கே காலைப் பெரட்டில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் நேரத்தில், யார் அதை மதிக்கப் போகிறார்கள்? துரை மாறினால்? கண்டாக்கையாவுக்குத் தண்டனை கிடைத்தால்? எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா என்னால் மாட்டிக்கொண்டாளா? லயத்தில் தொலைபேசி இல்லை. ராகலை டவுனில் கொமியூனிகேஷன் கடைக்கு அவள் வந்தால்தான் பேச்சு. ஐந்து கிழமை அவள் வரவில்லை. செய்தியில் நுவரெலியா மாவட்டத்தில் கனமழை, மண்சரிவு எச்சரிக்கை என்று படித்த நாளெல்லாம் நான் சமைத்ததில் உப்பு இல்லை என்று ரகு சொன்னார்.

டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்துக்கே அழைப்பு வந்தது. பின்னணியில் பஸ் ஹோர்ன் சத்தம், கடைக்காரரின் ரேடியோ, இரைந்து பெய்யும் மழை.

"அக்கா, ஒன்ன ஏதாச்சும் செஞ்சாங்களா?"

"என்னா செய்வாங்க? ரெண்டு கெழம கொழுந்துக்கு விடல. புல்லு வெட்ட அனுப்புனாங்க. மாரியாயியும் கூட வந்துச்சு. சண்ட போட்டுக்கிட்டே வெட்டுனோம். கண்டாக்கையாவுக்குக் கடுதாசி ஒண்ணு குடுத்தாங்களாம், விளக்கம் கேட்டு. அப்பறம் அந்த மனுசனும் அப்பிடியேதான் இருக்காரு."

"நண்டுக்கான்?"

"அதச் சொல்லத்தான் எடுத்தேன். நேத்து ஆறாம் நம்பர். நல்ல மழ. பெரட்டுல ஒங்க கம்ப்யூட்டர் பொட்டி குடுத்த பேப்பர வாசிச்சாங்க. நண்டுக்கானுக்கு ஆள் இல்லன்னு வந்துச்சு. கண்டாக்கையா சத்தமா வாசிச்சாரு. தொர பக்கத்துலதான் நின்னாரு, ஒண்ணும் பேசல."

"அப்ப நேத்தும் அந்த மூலைய விட்டுட்டீங்க."

"எப்பவும் விட்டுட்டுத்தான் போவோம்," என்றாள் அக்கா. லைனில் இரைச்சல் கூடியது. நான் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "நேத்துதான்டி சுமதி, சொல்லிட்டு விட்டோம்."